பித்தப்பையை எடுத்தால் வலி போகுமா? எந்த வலி என்று முதலில் பார்க்க வேண்டும்

கேள்வி சுருக்கமாக இது. அம்மாவுக்கு 54 வயது. பல வருடங்களாக வயிறு உப்புசம், ஏப்பம், புளித்த எதுக்களிப்பு. அதற்காக எடுத்த ஸ்கேனில் பித்தப்பையில் கற்கள் தெரிந்தன. போன வருடம் இரண்டு முறை இரவில் மேல் வயிற்றில் கடுமையான வலி வந்து, சில மணி நேரத்தில் தானாக அடங்கியது. மருத்துவர் பித்தப்பையை எடுத்துவிடலாம் என்கிறார். ஆனால் சித்திக்குப் பித்தப்பையை எடுத்து மூன்று வருடமாகியும் வயிற்றுத் தொல்லை தீரவில்லை. எடுப்பதா, வேண்டாமா?

அந்த இரண்டு இரவு வலிக்காக எடுக்கலாம். உப்புசத்துக்காகவும் ஏப்பத்துக்காகவும் எடுக்க வேண்டாம். இரண்டு தொல்லையும் ஒரே வயிற்றில் இருப்பதால் ஒன்றாகத் தெரிகின்றன. அறுவை சிகிச்சை தீர்ப்பது முதலாவதை மட்டுந்தான். பித்தப்பையை எடுத்த பிறகும் 'ஒன்றும் சரியாகவில்லை' என்று சொல்பவர்களில் பலர், இரண்டாவதும் சேர்ந்து போய்விடும் என்று நம்பி ஆபரேஷனுக்குப் போனவர்கள். யாரும் அவர்களிடம் அதைப் பிரித்துச் சொல்லவில்லை. எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கிறது. பித்தப்பை அதில் ஒரு பகுதியை வாங்கி, தண்ணீரை உறிஞ்சிச் சுண்டவைத்து, வைத்துக்கொள்ளும் சிறு பை. கொள்ளளவு 30 முதல் 50 மில்லி. கொழுப்புள்ள உணவு சிறுகுடலுக்கு வந்ததும் குடலிலிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பும், பை சுருங்கும், பித்தநீர் நாளம் வழியாகக் குடலுக்குள் இறங்கும். பை இல்லாவிட்டாலும் கல்லீரல் சுரந்துகொண்டுதான் இருக்கும். சேமிப்பு இல்லாமல் நேராகக் குடலுக்குள் சொட்டும், அவ்வளவுதான். 'ஒரு உறுப்பையே எடுத்துவிட்டால் அப்புறம் எப்படிச் செரிக்கும்' என்ற பயத்துக்கு இதுதான் பதில்.

கல் எப்படி உருவாகிறது? பித்தநீரில் கரையக்கூடியதைவிட அதிகமாகக் கொலஸ்ட்ரால் இருந்தால் அது படிகமாகிறது. பை சரியாகக் காலியாகாமல் தேங்கினால் அந்தப் படிகங்கள் சேர்ந்து கல்லாகின்றன. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டும். கர்ப்ப காலத்தில் மிகும் ப்ரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் பையைச் சோம்பலாக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் குழந்தை பெற்றவர்களுக்கு, அதிகம் வருவது இதனால்தான். வயது, உடல் பருமன், குடும்ப வாகு ஆகியவையும் உண்டு. பருமனானவர்களுக்குத்தான் வரும் என்பது பாதி உண்மை. வேகமாக எடை குறைப்பவர்களுக்கும், எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், நீண்ட நாள் வாய்வழி உணவு இல்லாமல் இருப்பவர்களுக்கும் கல் வரும். ரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடையும் நோய்களில் உருவாகும் கறுப்பு நிறக் கற்கள் வேறு வகை. அவற்றுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் தொடர்பில்லை. சின்ன வயதிலேயே வரலாம்.

இடையில் ஒன்று. சிறுநீரகக் கல்லையும் பித்தப்பைக் கல்லையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். நிறையத் தண்ணீர் குடித்தால் சிறிய சிறுநீரகக் கல் சிறுநீரோடு வெளியேறலாம். பித்தப்பைக் கல்லுக்கு அந்த வழி கிடையாது. அது நகர்ந்து வெளியே வர முயல்வதுதான் ஆபத்தே. பித்தநாளத்தில் மாட்டினால் காமாலை; நாளம் குடலில் திறக்கும் இடத்தில், கணையத்தின் குழாயும் வந்து சேருமிடத்தில் மாட்டினால் கணைய அழற்சி. பெரிய கல்லைவிடச் சின்னச் சின்னக் கற்கள் இப்படி நழுவிப்போக வாய்ப்பு அதிகம். 'சின்னக் கல்தானே, பயமில்லை' என்று ஆறுதல் சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேற்கத்திய நாடுகளில் பெரியவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்குப் பித்தப்பைக் கல் இருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பேருக்கு அது இருப்பதே தெரியாது. வேறு எதற்காகவோ ஸ்கேன் எடுக்கும்போது தட்டுப்படும். அப்படிச் சும்மா இருக்கும் கல்லைத் தொடாமல் விடுவதுதான் பொதுவான மருத்துவ முடிவு. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக எடுத்துவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. விதிவிலக்குகள் உண்டு. மூன்று சென்டிமீட்டரைத் தாண்டிய கல், சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிய பை, பத்து மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட பாலிப் (பையின் உள்சுவரில் முளைக்கும் சதை) ஆகியவற்றில் புற்றுநோய் சந்தேகம் கூடுவதால், வலி இல்லாவிட்டாலும் எடுப்பதைப் பற்றிப் பேசுவார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்: கல்லின் வலி எப்படி இருக்கும்?

வலது விலாவுக்குக் கீழே, அல்லது நெஞ்சுக்குழிக்குச் சற்றுக் கீழே நடு மேல் வயிற்றில் வரும். நடுவில் வருவதால்தான் அல்சர் என்றோ கேஸ் என்றோ பெயர் வாங்குகிறது. விட்டுவிட்டு முறுக்கும் வலி அல்ல. கொஞ்ச நேரத்தில் ஏறி உச்சத்துக்குப் போய், அங்கேயே நின்று, பிறகு மெல்ல இறங்கும். குறைந்தது அரை மணி நேரம் இருக்கும். ஐந்தாறு மணி நேரம்கூட நீடிக்கலாம். முதுகுக்கு, குறிப்பாக வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, பரவும். குமட்டலோ வாந்தியோ கூட வரும். திரும்பிப் படுத்தாலும், மலம் கழித்தாலும், அமில மாத்திரை போட்டாலும் குறையாது. இரவில் வந்து எழுப்பிவிடுவது இதன் வழக்கம். சாப்பிட்ட பிறகு வருவது உண்டு, ஆனால் எப்போதும் அப்படித்தான் என்று இல்லை. அடுத்த முறை வருவது ஒரு வாரத்திலா ஒரு வருடத்திலா என்று யாராலும் சொல்ல முடியாது. நடுவில் ஆள் முழுக்கச் சாதாரணமாக இருப்பார். இந்த 'நடுவில் ஒன்றுமில்லை' என்பது நல்ல அடையாளம். தினமும் இருக்கும் வலி, சாப்பிட்டவுடன் வந்து பத்து நிமிடத்தில் போகும் வலி, விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டக்கூடிய வலி ஆகியவை கல்லின் வலியாக இருக்க வாய்ப்புக் குறைவு.

உங்கள் அம்மாவின் இரண்டு இரவுகளும் இந்த வர்ணனைக்குப் பொருந்துகின்றன. உப்புசம், ஏப்பம், எதுக்களிப்பு பொருந்தவில்லை. கல் இல்லாதவர்களுக்கும் இவை ஏறக்குறைய அதே அளவில் இருக்கின்றன. கல்லும் பரவலான ஒன்று, செரிமானக் கோளாறும் பரவலான ஒன்று. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது தற்செயலாகவே அடிக்கடி நடக்கும். ஸ்கேனில் கண்ணுக்குத் தெரிவது கல் மட்டுந்தான் என்பதால் பழி முழுவதும் அதன் மேல் விழுந்துவிடுகிறது.

வேறு இரண்டு நோய்களும் இந்த இடத்தில் வலிக்கும். ஒன்று அல்சர். இன்னொன்று மாரடைப்பு, குறிப்பாக இதயத்தின் அடிப்பகுதியைத் தாக்கும் வகை. 50 வயதைத் தாண்டியவருக்கு மேல் வயிற்றில் திடீரென்று வலி, வியர்வை, மூச்சுத் திணறல் என்றால், 'ஏற்கெனவே கல் இருக்கிறதே' என்று சமாதானம் ஆகாமல் முதலில் ஈசிஜி எடுக்க வேண்டும்.

சில அறிகுறிகளுக்கு 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சே கூடாது. வலி ஆறு மணி நேரத்தைத் தாண்டி, காய்ச்சலும் வந்து, வலது விலாவுக்குக் கீழே அழுத்தும்போது மூச்சை இழுக்க முடியாமல் நிறுத்தினால், பித்தப்பை அழற்சி. கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்தால் பித்தநாளம் அடைத்திருக்கிறது. காமாலையோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வலியும் சேர்ந்தால் நாளத்தில் கிருமித் தொற்று. இதில் குழப்பமான பேச்சும் ரத்த அழுத்தம் இறங்குவதும் சேர்ந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வலி முதுகுவரை துளைத்து, வாந்தி நிற்காமல், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்று இருந்தால், கணைய அழற்சியை நினைக்க வேண்டும். வயதானவர்களுக்கும் நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் இவையெல்லாம் மங்கலாகவே தெரியும். காய்ச்சலே இல்லாமல், சோர்வும் பசியின்மையும் மட்டும் காட்டிக்கொண்டு உள்ளே பை அழுகியிருக்கலாம்.

பரிசோதனையில் சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே முதலிடம். பித்தப்பைக்குள் இருக்கும் கல்லைப் பெரும்பாலும் தவறவிடாது. விலை கூடுதலான சிடி ஸ்கேன்தான் கொலஸ்ட்ரால் கற்களைத் தவறவிடும். ஆனால் நாளத்துக்குள் நழுவிய கல்லைக் காண்பதில் அல்ட்ராசவுண்டும் பலவீனமானது. அதனால் கல்லீரல் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளோ அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியோ கூடியிருந்தால், நாளம் விரிந்திருந்தால், எம்ஆர்சிபி என்ற ஸ்கேன் எடுத்து, நாளத்தில் கல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே போக வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதால் வரும் தொல்லையைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, எடுத்தால் எத்தனை பேருக்கு வலி போகிறது? இங்கே இரண்டு பெரிய ஆய்வுகள் மருத்துவர்களையே கொஞ்சம் யோசிக்க வைத்தன. நெதர்லாந்தில் 24 மருத்துவமனைகளில் 1,067 பேரிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. கல்லும் வயிற்று வலியும் உள்ளவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் வழக்கம்போல மருத்துவர் விருப்பப்படி முடிவு. மற்றதில் வலி குறிப்பிட்ட ஐந்து அடையாளங்களுக்கும் பொருந்தினால் மட்டுமே ஆபரேஷன். ஒரு வருடம் கழித்து முதல் பிரிவில் 60 சதவீதம் பேரும், இரண்டாவதில் 56 சதவீதம் பேரும்தான் வலியே இல்லாமல் இருந்தார்கள். அதாவது ஐந்தில் இரண்டு பேருக்கு ஏதோ ஒரு வயிற்று வலி மிச்சம் இருந்தது.

பிரிட்டனில் 434 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2023-இல் வெளிவந்தது. உடனே ஆபரேஷன், இல்லை பொறுத்திருந்து தேவைப்பட்டால் செய்வது என்று பிரித்தார்கள். பதினெட்டு மாதத்தில் உடல் வலியின் அளவில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பொறுத்திருந்தவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான் அதற்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது.

இதை 'ஆபரேஷனால் பயனில்லை' என்று படிப்பது தவறு. மிச்சமிருந்த வலி பெரும்பாலும் பழைய தாக்குதல் வலி அல்ல. ஏற்கெனவே இருந்த செரிமானத் தொல்லை, குடல் எரிச்சல் வகையறா. கல்லின் வலி என்று தெளிவாக அடையாளம் காணக்கூடிய, எப்போதாவது வந்துபோகும் தாக்குதல் பித்தப்பை எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு நின்றுவிடுகிறது. இந்த ஆய்வுகளில் நான் எடுத்துக்கொள்வது இரண்டு. சிக்கல் எதுவும் இல்லாத நிலையில் யோசிக்க அவகாசம் இருக்கிறது, நாளைக்கே செய்தாக வேண்டும் என்ற அவசரம் இல்லை. இரண்டாவது, எந்த வலியோடு ஆபரேஷனுக்குப் போகிறீர்கள் என்பதுதான் பெருமளவுக்கு முடிவை நிர்ணயிக்கிறது.

ஆனால் சிக்கல் ஒருமுறை வந்துவிட்டால் கணக்கு முழுக்க மாறுகிறது. அங்கே தள்ளிப்போடுவதுதான் கெடுதல். பித்தப்பை அழற்சியோடு வந்தவர்களை 'புண் ஆறட்டும், ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம்' என்று அனுப்புவது பழைய பழக்கம். 2013-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தவர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்கும், மருந்து கொடுத்துச் சில வாரம் தள்ளிப்போட்டவர்களில் 34 சதவீதம் பேருக்கும் சிக்கல்கள் வந்தன. கல்லால் வந்த லேசான கணைய அழற்சியிலும் அப்படித்தான். அதே அட்மிஷனில் பையை எடுத்தால், மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடி வரும் நிலை 17 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததை 2015-இல் வந்த டச்சு ஆய்வு காட்டியது. கணைய அழற்சி வந்து குணமாகி, 'இப்போது நன்றாக இருக்கிறேனே' என்று வீட்டிலேயே இருந்துவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான்.

மருந்தால் கரைக்க முடியாதா? முடியும், ஆனால் மிகச் சிலருக்கு. உர்சோடியாக்சிகோலிக் அமிலம், சுண்ணாம்பு படியாத சின்னக் கொலஸ்ட்ரால் கற்களை, பை நன்றாக வேலை செய்யும் நிலையில் மட்டும் கரைக்கும். ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை பிடிக்கும். நிறுத்திய பிறகு ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கல் திரும்பி வந்துவிடும். வேகமாக எடை குறைப்பவர்களுக்குக் கல் வராமல் தடுப்பதில்தான் இந்த மருந்தின் உண்மையான பலன். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்து, மறுநாள் மலத்தில் பச்சைப் பச்சையாகக் 'கற்கள்' வந்ததைப் படம் எடுத்துக் காட்டுகிறார்கள். அப்படி வந்தவற்றை ஆய்வகத்தில் சோதித்து, 2005-இல் லான்செட் இதழில் எழுதினார்கள்: அதில் கொலஸ்ட்ராலும் இல்லை, பிலிருபினும் இல்லை. குடித்த எண்ணெயே குடலில் சோப்பாகக் கட்டிக்கொண்டது. ஸ்கேன் எடுத்தால் பழைய கல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவிடக் கூடாதா என்றும் கேட்பார்கள். கல்லை உருவாக்கிய பை உள்ளேயே இருந்தால் மறுபடி உருவாக்கும். 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலில் முழுப் பையையும் எடுத்ததற்குக் காரணமே இந்த யோசனைதான். வயிற்றில் சிறு துளை போட்டு, கேமரா வழியாகப் பார்த்துப் பையை எடுக்கும் லேப்ராஸ்கோப்பி முறை 1985-இல் எரிக் மூஹே என்ற ஜெர்மன் மருத்துவர் கைக்கு வந்தது. முதலில் சக மருத்துவர்கள் அவரை மதிக்கவே இல்லை. பத்து வருடத்துக்குள் உலகம் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது.

இப்போது பெரும்பாலும் நான்கு சிறு துளைகள் போடுவார்கள். கரியமில வாயுவால் வயிற்றை உப்பவைத்து, பையின் குழாயையும் அதன் ரத்தக் குழாயையும் பிரித்தெடுத்து, கிளிப் போட்டு வெட்டுவார்கள். இதில் எல்லோரும் பயப்பட வேண்டியது ஒன்றே: பையின் குழாய் என்று நினைத்து முக்கியப் பித்தநாளத்தை வெட்டிவிடுவது. ஆயிரம் பேரில் ஒருவரிலிருந்து ஐந்து பேர் வரை இந்தக் காயம் நடக்கிறது. எண்ணிக்கை குறைவு. நடந்துவிட்டால் வருடக்கணக்கில் இழுத்தடிக்கும். அதைத் தவிர்ப்பதற்காகவே, பைக்குள் போவது இரண்டே இரண்டு குழாய்கள்தான் என்று எல்லாப் பக்கமும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே வெட்ட வேண்டும் என்ற முறை 1995-லிருந்து பின்பற்றப்படுகிறது. அழற்சியால் எல்லாம் ஒட்டிக்கொண்டு அப்படிப் பார்க்க முடியாவிட்டால், நல்ல சர்ஜன் பையின் ஒரு பகுதியை விட்டுவிட்டு வருவார், அல்லது வயிற்றைத் திறந்து செய்வார். 'துளை போட்டுச் செய்கிறேன் என்றார், கடைசியில் கிழித்துவிட்டார்' என்று வருத்தப்படுவது இயல்புதான், ஆனால் அந்த முடிவு பெரும்பாலும் நோயாளியைக் காப்பாற்றிய முடிவு. சம்மதக் கையெழுத்துப் போடும்போதே இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் வலது தோளில் வலிக்கும். உள்ளே மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடலாம். ஒன்றிரண்டு வாரத்தில் வழக்கமான வேலை. கனமான பொருளைத் தூக்குவதை நான்கு முதல் ஆறு வாரம் தள்ளிவைக்க வேண்டும். வயிற்றைத் திறந்து செய்திருந்தால் எல்லாமே நீளும். இந்த நாட்களில் ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள்: ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடத் தேவலையாக இருக்க வேண்டும். மூன்றாம் நாள் இரண்டாம் நாளைவிட மோசமாக இருந்தால், வயிறு உப்பி வலித்தால், காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளித்தால், பித்தநீர் உள்ளே கசிகிறதா என்று அன்றே பார்த்தாக வேண்டும். போனில் விசாரித்துவிட்டு மாத்திரை போட்டுக்கொள்ளும் விஷயம் இல்லை அது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை வாழ்நாள் பத்தியம் எதுவும் கிடையாது. முதல் சில வாரங்கள் ஒரே வேளையில் நிறையக் கொழுப்பு சேர்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் போதும். பித்தநீர் இப்போது இடைவிடாமல் குடலுக்குள் போவதால் சிலருக்குச் சாப்பிட்டதும் அவசரமாக வயிற்றுப்போக்கு வரும். பலருக்குச் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். சிலருக்குத் தொடரும், பித்த உப்புகள் பெருங்குடலை எரிச்சலூட்டுவதுதான் காரணம். கொலஸ்டிரமின் என்ற தூள் மருந்து அந்த உப்புகளைப் பிடித்துக்கொள்ளும். எளிதில் தீரக்கூடிய இந்தத் தொல்லையை, 'ஆபரேஷன் செய்தால் அப்படித்தான் இருக்கும்' என்று யாரோ சொன்னதால் வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். வெளியே கிளம்பவே பயப்படுவார்கள், டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள்.

இனி சித்தியின் விஷயம். ஆபரேஷனுக்குப் பிறகும் தொல்லை என்றால் முதல் கேள்வி: இது பழைய வலியேதானா, புதியதா? முன்பு இருந்த அதே உப்புசமும் எரிச்சலும் மாறாமல் இருந்தால், அவை கல்லால் வந்தவை அல்ல என்று அர்த்தம். அவற்றுக்கு உரிய சிகிச்சை தனி. எதுக்களிப்புக்கு அமிலம் குறைக்கும் மருந்து, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி. குடல் எரிச்சலுக்கு அதற்கான வழி.

அந்தத் தாக்குதல் வலியே திரும்பி வருகிறது என்றால் அதைத் தேடித்தான் ஆக வேண்டும். பை போன பிறகும் நாளத்தில் கல் இருக்கலாம். ஆபரேஷனுக்கு முன்பே நழுவிப்போய் யாரும் கவனிக்காமல் விட்டது. முன்னால் சொன்ன கல்லீரல் பரிசோதனையை விட்டுத் தாவினால் வரும் தொல்லை இதுதான். பையின் ஒரு பகுதி விட்டுவைக்கப்பட்டிருந்தால் அதற்குள்ளேயே புதுக் கல் வரலாம். நாளம் தழும்பால் சுருங்கியிருக்கலாம். வலி வந்த சில மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்துக் கல்லீரல் நொதிகளைப் பார்ப்பது பெரிய துப்பு: வலியின்போது ஏறி, பிறகு இறங்கினால் நாளத்தில் அடைப்பு இருக்க வாய்ப்பு. எம்ஆர்சிபி அல்லது உள்நோக்கி வழியான ஸ்கேனில் கல் தெரிந்தால், இஆர்சிபி முறையில், உள்நோக்கிக் குழாயை உள்ளே விட்டு, வாய்வழியாகவே எடுத்துவிடலாம்.

ஸ்கேன், ரத்தம் எல்லாம் சரியாக இருந்தும் வலி மட்டும் இருக்கும்போது, நாளத்தின் வாயில் இருக்கும் சுருக்குத் தசை இறுகியிருக்கிறது, அதை வெட்டிவிட்டால் சரியாகும் என்று பல வருடம் செய்துவந்தார்கள். 2014-இல் வெளியான ஆய்வில், வெட்டியவர்களில் 23 சதவீதமும், வெட்டுவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களில் 37 சதவீதமும் குணமானதாகப் பதிவானது. வெட்டுவதால் கணைய அழற்சி வரும் அபாயமும் இருப்பதால், அப்படி யாராவது சித்தியிடம் சொன்னால் இரண்டாவது கருத்து கேளுங்கள். துளை போட்ட இடத்தில் நரம்பு சிக்கி வலிப்பதும் உண்டு. படுத்துக்கொண்டு வயிற்றுத் தசையை இறுக்கும்போது விரல் வைத்த இடத்தில் வலி கூடினால், அது உள்ளிருந்து வருவதல்ல. அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டால் பலருக்கு வலி குறையும்.

உங்கள் அம்மாவுக்கு இப்போது செய்ய வேண்டியது: கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுத்திருக்கிறார்களா, ஸ்கேன் அறிக்கையில் நாளத்தின் அகலம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உப்புசத்துக்கும் எதுக்களிப்புக்கும் தனியாக ஒரு சிகிச்சை ஆரம்பியுங்கள். ஆபரேஷன் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சர்ஜனிடம் 'இரவு வலி போகுமா, உப்புசம் போகுமா' என்று இரண்டு கேள்வியாகவே கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே மூச்சில் 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொன்னால், மறுபடியும் கேளுங்கள். அம்மாவே 'ஒரு வருடத்தில் இரண்டு முறைதானே, இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன்' என்றால் அதுவும் நியாயமான முடிவுதான். காய்ச்சல், காமாலை, ஆறு மணி நேரம் தாண்டும் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த அவகாசம் முடிந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எடுத்த பிறகு, பையை நோய்க்கூறியல் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று விசாரியுங்கள். வெளியே கல் மட்டும் தெரிந்த பையில், அரிதாக, எதிர்பாராமல் புற்றுநோய் தென்படும். ஆரம்ப நிலையில் சுவரின் உட்பகுதியோடு நின்றிருந்தால், எடுத்ததே சிகிச்சையாகிவிடும். ஆழமாகப் போயிருந்தால் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும். அறிக்கை வரும்போது நோயாளி வீட்டுக்குப் போய், தையல் பிரித்து, எல்லாவற்றையும் மறந்திருப்பார். அதனால் அதை நீங்களே போய் வாங்க வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜ் தாளோடு சேர்த்து வையுங்கள். பின்னால் எப்போதாவது வலி வந்து வேறு மருத்துவரிடம் போனால், முழுப் பையையும் எடுத்தார்களா, பாதியை விட்டார்களா என்பதை அவர் அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.